அப்பாவின் திராட்சைக் கொடியும் அம்மாவின் கவ்வாத்துக் கத்தியும்

அப்பா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இன்று திவசத்துக்கு வந்து, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, போகும்போது இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்டு போகும் உறவினர்கள், தோட்டத்து மக்கள், ருவான்வெல்லைக் கடைவீதி நண்பர்கள் எல்லோருக்கும் அவருடைய மூத்த மகளின் வணக்கம்.

இந்தக் கட்டுரையை என்னை எழுதச் சொன்னவன் தம்பி. கொழும்பில் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்கிறான். "அக்கா, நீ எழுது. எனக்கு ஒக்காந்தா அழுக வருது" என்றான். மாதிரிக்கு வேறு குடும்பங்களின் நினைவு மலர்கள் சிலவற்றையும் அனுப்பினான். அவற்றில் எல்லா அப்பாக்களும் பண்பின் சிகரமாகவும் பாசக் கடலாகவும் இருக்கிறார்கள். எங்கள் அப்பா சிகரம் இல்லை. எங்கள் பக்கத்தில் இருப்பதெல்லாம் ரப்பர் மேடுகள்தான். கொழும்புக்குத் தம்பியைப் பார்க்கப் போனபோது கடலை அவர் ஒரே ஒரு முறை பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "சரி, பாத்தாச்சு, போவோம்" என்று பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டார். ஆகவே எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அழவில்லை. சாவு வீட்டில் பலர் அதைக் கவனித்தீர்கள். "மூத்தவ கல்லு மாதிரி நிக்கிறா" என்று சொன்னது என் காதிலும் விழுந்தது. உண்மைதான். இந்த ஒரு வருடத்திலும் அழுகை வரவில்லை. காலையில் எழுந்து தேத்தண்ணி வைக்கிறேன், டவுனில் துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறேன், பஸ்ஸில் திரும்பி வருகிறேன். யாராவது அப்பாவைப் பற்றிப் பேசினால் கேட்கிறேன். எதுவும் ஆவதில்லை. நல்லதோ கெட்டதோ, அப்படித்தான் இருக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுத முடிகிறது என்று நினைக்கிறேன்.

அப்பா பிறந்தது ருவான்வெல்லைக்கு மேலே இருக்கும் இதே ரப்பர் தோட்டத்தில், இப்போது இடிந்து கிடக்கும் பழைய லயத்தின் வரிசை வீடொன்றில். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். பிறகு பால்வெட்டு. விடிவதற்கு முன்னால் மலை ஏறி, மரத்துக்கு மரம் பட்டையை மெல்லிசாகச் சீவி, சிரட்டை வைத்து, பால் சேர்த்து, வாளியில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டு போய் நிறுக்கும் வேலை. வயது வந்து தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டும்வரை அந்த ஒரு வேலைதான் செய்தார். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. அப்பாவுக்கு மழை என்றாலே ஆகாது. விருந்தாளி மாதிரி மழை வந்தால், "வந்துட்டாரு துரை" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வார்.

பால்வெட்டில் ஒரு விதி உண்டு. கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். ஒரு நூல் ஆழமாகப் போய் மரத்தில் பட்டால் அது காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அங்கே மறுபடி வெட்டவே முடியாது. காயம் வைத்தவனைக் கங்காணி எல்லோர் முன்னாலும் ஏசுவார். அப்பா யாரிடமும் அந்த ஏச்சு வாங்கியதில்லை. அது அவருக்குத் தலைக்கனமாகவே இருந்தது. மற்றப்படி சம்பள நாளில் கொஞ்சம் குடிப்பார், குடித்தால் பாடுவார், பாட்டு நன்றாக இருக்காது. பிடிவாதம் அதிகம். யாருக்காவது வீட்டில் சாவு, சுகமில்லை என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். இந்தக் கூட்டத்தில் அவர் பாடைக்குத் தோள் கொடுக்காத குடும்பம் குறைவு.

அம்மா தேயிலைக்காரி. பலாங்கொடைக்கு மேலே, பஸ் முக்கி முனகி ஏறும் மலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அப்பாவின் அக்காவை அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்ததால் வந்த சம்பந்தம் இது. அம்மாவின் அப்பா கவ்வாத்து வெட்டுபவர். தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. வெட்டிய மலையைப் பார்த்தால் தீப்பிடித்து எரிந்த இடம் போல இருக்கும். பிறகு மழைக்கு ஒரே நேரத்தில் கொழுந்து கிளம்பும். அம்மா அதைப் பார்த்தே வளர்ந்தவர். தன் அப்பா காலமான பிறகு அவருடைய கவ்வாத்துக் கத்தியை இங்கே கொண்டு வந்து, தகரப் பெட்டியில் சீலைத் துண்டு சுற்றி வைத்திருந்தார்.

கல்யாணமான புதிதிலிருந்தே இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் உண்டு. "தேயிலைக்காரங்களுக்கு வெட்டுறதத் தவிர வேற என்னா தெரியும்" என்பார் அப்பா. "ரப்பர்க்காரங்களுக்குச் சொரண்டுறதத் தவிர வேற என்னா தெரியும்" என்பார் அம்மா. நாங்கள் பிள்ளைகள் சிரிப்போம். சண்டை இல்லை. சோறு பரிமாறும்போது தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரி அது.

தோட்டத்தில் ஏழு பேர்ச் அளவுள்ள சின்னக் காணியில் வீடு கிடைத்து லயத்திலிருந்து இங்கே வந்த பிறகு, டவுனில் பழக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒரு திராட்சைத் தண்டைக் கொண்டு வந்து கொடுத்தார். புத்தளத்தில் அவருடைய சொந்தக்காரர் வீட்டுக் கொடி. "இந்த மழையில காய்க்குமோ தெரியாது அண்ணே, வச்சுப் பாருங்க" என்றார். அப்பா அதை வாசலுக்குப் பக்கத்தில் நட்டார். தொழுவத்து எரு போட்டார். பழைய தண்ணிக் குழாய்களை வாங்கி வந்து பந்தல் போட்டார். கொடி வாசலிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் படி வரைக்கும் கூரை மாதிரி படர்ந்தது.

காய் மட்டும் இல்லை. வருடத்துக்கு வருடம் இலை, இலை, இலை. வந்தவர்கள் எல்லாம் கேலி செய்தார்கள். இங்கே இருக்கிற சித்தப்பா கூட, "அண்ணே, ஆடு ரெண்டு வாங்கிக் கட்டுங்க, வீணாப் போகாது" என்றார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

அம்மா மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். "என்னங்க, கவ்வாத்து வெட்டுனாத்தான் இது காய்க்கும். வெயிலும் படமாட்டேங்குது."

"காயம் வச்சா மரம் செத்துரும், புள்ள. நீ கொழுந்து எடுத்தவ. ஒனக்கு மரம் தெரியாது."

"இது மரமா? கொடி."

"கொடின்னா உசுரு இல்லியா?"

இத்தோடு பேச்சு முடியும். பன்னிரண்டு வயதிலிருந்து மரத்தில் காயம் வைக்காமல் கை பழகிய மனிதர், இலைக் கொடியின் மேலும் கத்தி வைக்க விடவில்லை. நானாவும் ஒருமுறை, "வெட்டத்தான் வேணும் அண்ணே, புத்தளத்துல வருசா வருசம் வெட்டுவாங்க" என்றார். "அது புத்தளம்" என்று சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு இரத்தத்தில் சீனி கூடும் வருத்தம் பல வருடமாக இருந்தது. மருந்து எடுப்பார், எடுக்கமாட்டார். பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டே போனது. அவர் போவதற்கு முந்தின கார்த்திகை மழையில் விறகு உடைத்துக்கொண்டிருந்தபோது செருப்பைத் துளைத்துக்கொண்டு ஆணி ஒன்று ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. அந்தக் காலோடு கடைக்குப் போய் சீனியும் பருப்பும் வாங்கி வந்திருக்கிறார். தரையில் இரத்தத்தைப் பார்த்துவிட்டு அம்மா கத்தியபோதுதான் குனிந்து பார்த்தார்.

மஞ்சள் வைத்துக் கட்டினார். "ஒன்னும் நோகல" என்றார். நோகாததுதான் ஆபத்து என்று எங்களுக்கு அப்போது தெரியாது. மார்கழியில் கால் கறுத்து, குளிர்க் காய்ச்சல் வந்து, கேகாலைக்குக் கொண்டு போனோம்.

டாக்டர் சிங்களத்தில் நிதானமாகவே விளங்கப்படுத்தினார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் விஷம் இரத்தத்தில் ஏறி உயிர் போய்விடும், அதிக நாள் பிடிக்காது. அப்பாவுக்கு நினைவு வந்து வந்து போனது. வரும்போதெல்லாம் சொன்னது ஒன்றுதான்: "கால வெட்ட விட்றாதீங்க." பிறகு அந்த நினைவும் இல்லை. யாராவது கையெழுத்துப் போட வேண்டும். தம்பி கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தான். பேனாவை நான்தான் வாங்கினேன். அம்மா அதை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"நான் போடுறேன். நீ போட்டா காலம்பூரா ஒன்னத்தான் சொல்லுவாரு."

அம்மா தன் பெயரை மெதுவாக எழுதி முடித்தார். எழுதிவிட்டு, "சரியா இருக்கா பாரு" என்று என்னிடம் காட்டினார். சரியாக இருந்தது.

அப்பா பிழைத்தார். வார்டில் நானும் தம்பியும் மாறி மாறி இருந்தோம். நடுவில் ஒரு நாள் அம்மா துணி துவைத்து வருவதாகச் சொல்லி வீட்டுக்கு வந்தார். வந்தவர் தகரப் பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்து, திராட்சைக் கொடியை அடித்தண்டும் நாலைந்து கிளைகளும் மட்டும் நிற்கும்படி வெட்டித் தள்ளிவிட்டார். வெட்டியதை இழுத்துக் கொண்டுபோய் பள்ளத்தில் போட்டுவிட்டு, குளித்துவிட்டு, துவைத்த துணியோடு பின்னேர பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்பாவைத் திரீவீலில் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இறங்கியதும் அவர் முதலில் பார்த்தது கொடியைத்தான். குழாய்ப் பந்தல் வெறுமனே நின்றது. அடியில் மொட்டைத் தண்டு. அப்பா அதைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "பாப்பா, ரெண்டையும் ஒரே ஆளுதான் வெட்டியிருக்கு."

அன்றிலிருந்து அம்மாவோடு அவர் பேசவில்லை.

கோபத்தில் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. அம்மா எதிரிலேயே நின்றாலும், "பாப்பா, ஒங்கம்மாகிட்ட தண்ணி கேளு" என்பார். அம்மா தண்ணீரை என்னிடம் கொடுப்பார், நான் அவரிடம் கொடுப்பேன். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டியது அம்மாதான், குளிப்பாட்டியதும் அம்மாதான். அந்த நேரத்திலும் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் நான் தபால்காரி ஆனேன். கடையில் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் தபால் காத்திருக்கும்.

பார்க்க வந்த சொந்தங்களும் சும்மா இருக்கவில்லை. பெயர் எழுதவில்லை, படிக்கிறவர்களுக்குத் தெரியும். "அவசரப்பட்டு கையெழுத்துப் போட்டுட்டீங்க மதினி. வேற எடத்துல காட்டியிருக்கலாம்" என்றார்கள். "நடந்து திரிஞ்ச மனுசன்" என்றார்கள். எண்ணெய் வைத்தியத்தில் கால் தேறிய யார் யாரோ பெயரைச் சொன்னார்கள். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். ஒரு சொல் அம்மாவுக்காகச் சொல்லவில்லை. எனக்கு அப்போது இருந்த பயம் ஒன்றுதான்: இந்த மனிதர் அம்மாவோடு பேசாமலேயே போய்விடக்கூடாது. மற்றது எதுவும் எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தது.

தையில் வெயில் ஏறியது. மொட்டைத் தண்டில் சிவப்பாக முளை கண்டது. அப்பா வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து தினமும் அதைப் பார்ப்பார். பார்க்காத மாதிரிப் பார்ப்பார். இலை விரிந்தது. ஒரு நாள் நான் வேலை முடிந்து வரும்போது கூப்பிட்டார். "பாப்பா, இங்க வா. இது என்னா, மொளகு மாதிரி?"

பூவுக்கு முந்திய மொட்டுக் கொத்துகள். பச்சையாக, பொடிப் பொடியாக. ஒன்றல்ல, கொடி முழுக்க. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா குசினி வாசலில் நின்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "சொன்னேன்ல" என்று சொல்லக்கூடிய இடம் அது. அவர் சொல்லவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

பிஞ்சு பிடித்து, குலை இறங்கியது. பங்குனியில் பின்னேர மழை தொடங்கியதும் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மழைத் தண்ணி பட்டால் குலை அழுகும் என்று நானா போனில் சொல்லியிருந்தார். ரப்பர் மரத்தில் வெட்டுக்கு மேலே, மழைத் தண்ணி சிரட்டையில் இறங்காமல் பாவாடை மாதிரி பொலித்தீன் ஒட்டுவார்கள். அதேபோல ஒவ்வொரு குலைக்கும் கட்டச் சொன்னார். எனக்கு அது வரவில்லை. கட்டினால் காற்றில் பறந்தது. "ஒங்கம்மாவக் கட்டச் சொல்லு. கொழுந்து எடுத்த கை" என்றார். அம்மா ஸ்டூலில் ஏறிக் கட்டினார். அப்பா கதிரையிலிருந்து சொல்ல, நான் திருப்பிச் சொல்ல, அம்மா முடிச்சுப் போட்டார்.

"இன்னும் கொஞ்சம் மேல கட்டச் சொல்லு."

"அம்மா, இன்னும் கொஞ்சம் மேலயாம்."

"காது கேக்குதுன்னு சொல்லு."

"அப்பா, அம்மாவுக்குக் காது கேக்குதாம்."

பக்கத்து வீட்டுக் குசும் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்துவிட்டார். சிங்களத்து அக்கா, தமிழ் பேசாவிட்டாலும் எங்கள் வீட்டுத் தமிழ் முழுக்க விளங்கும். அப்பாவும் சிரித்தார். அம்மாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை, வேலியைப் பார்த்து.

சித்திரை வருடப்பிறப்புக்கு வந்தவர்கள் பொலித்தீன் கட்டிய குலைகளைப் பார்த்து, "என்னா அண்ணே, எல்லாருக்கும் சட்டை தச்சிருக்கீங்க" என்றார்கள். காய்கள் அப்போது பெருத்துவிட்டன. ஒரு குலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிறம் மாறியது. பக்கத்தில் இருந்த காய் இன்னும் கல் மாதிரி பச்சை. குசும் அக்கா தினமும் வந்து அழுத்திப் பார்த்து, "அனே, தாம இதிலா நே" என்று உதட்டைப் பிதுக்குவார். இன்னும் பழுக்கவில்லையாம்.

அதே நாட்களில் அப்பா கதிரையிலிருந்து கட்டிலுக்குப் போனார். முகமும் கையும் வீங்கின. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்து, மறுபடி அனுப்பினார்கள். கேட்டதைச் சாப்பிடக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கட்டிலை ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டோம், கொடி தெரியும்படி.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பெரிய மழைக்காலம் இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. பார்க்க வந்த எல்லோரும் ஒரே யோசனை சொன்னார்கள்: அறுத்து அரிசி டிரம்முக்குள் வைத்துவிடுங்கள், பழுத்துவிடும். நாங்கள் வாழைக்காயைச் சாக்கில் சுற்றிப் பழுக்க வைப்போம். ஆனைக்கொய்யாவை அரிசிக்குள் புதைத்து வைப்போம். மாங்காயும் அப்படித்தான். எங்கள் தோட்டத்தில் எந்தக் காயும் அரிசியை ஏமாற்றியதில்லை. திராட்சையைக் கடையில் பழமாகப் பார்த்ததோடு சரி.

அம்மா ஒரு குலையை வெட்டினார். இருப்பதில் அதிகம் நிறம் வந்த குலை. அரிசி டிரம்முக்குள் வைத்து மூடினார். திறந்து திறந்து பார்த்தார். பழுக்கவில்லை. காம்பு காய்ந்தது, காய் சுருங்கியது, பச்சை பச்சையாகவே இருந்தது. அப்பாவைப் பார்க்க வந்த நானாவிடம் டிரம்மைத் திறந்து காட்டினோம். அவர் தலையில் கை வைத்தார். "அட, என்ன தங்கச்சி செஞ்சிங்க. திராட்சைய அறுத்தா அதோட சரி. அது கொடியிலதான் பழுக்கும். அரிசிக்குள்ள ஒரு வருசம் வச்சாலும் புளிப்புத்தான்."

அம்மாவின் முகத்தை அப்போது பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்ட நாளில் கூட அந்த முகம் அப்படி இருக்கவில்லை.

ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்குக் குலை குறைந்தது தெரியாமல் இருக்குமா. அன்று பின்னேரம், இடி கேட்டுக்கொண்டிருந்தபோது, என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, வாசப்பக்கத்துக் கொலையக் காணோம். யாரு வெட்டுனதுன்னு ஒங்கம்மாகிட்ட கேளு."

நான் கேட்கவில்லை. அம்மா உள்ளே போய் அந்தக் குலையைத் தட்டில் வைத்துக் கொண்டு வந்தார். கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு அப்படியே நின்றார். அப்பா ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார். கண் சுருங்கியது. மென்றார். விழுங்கினார். பிறகு தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தார். என்னை அல்ல.

"புளிக்குது, புள்ள. ஏன் அவசரப்பட்ட?"

தன்னோடுதான் பேசுகிறார் என்பது அம்மாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"மழ வந்துரும்னு பயந்துட்டேங்க."

"மழைக்கா பயந்த?"

"இல்லிங்க." அவ்வளவுதான் சொன்னார்.

அப்பா இன்னொன்றைப் பிய்த்தார். "அன்னைக்குக் கையெழுத்துப் போட்டதும் பயந்துதானா?"

"ஆமாங்க. போடாட்டி அந்த வாரமே போயிருவீங்கன்னு டாக்டர் சொன்னாரு."

"சரி. கொடிய ஏன் வெட்டுன? அதுக்கு என்னா பயம்?"

"பாசிங்க" என்றார் அம்மா. "வாசல்லேந்து படி வரைக்கும் பாசி. அந்த எல வெயில விடவே இல்ல. ரெண்டு காலோட நானே வழுக்கி விழுந்திருக்கேன். நீங்க ஒத்தக் காலோட, கம்பு ஊனிக்கிட்டு, எப்புடி நடப்பீங்க? காயட்டும்னு வெட்டுனேன். காய்க்கும்னு வெட்டல."

நானும் அப்போதுதான் கேட்கிறேன். அத்தனை மாதம் அவர்களுக்கு நடுவில் தபால் கொண்டு போனேனே, ஏன் வெட்டினீர்கள் என்ற ஒரு கேள்வியை யாரும் எனக்குக் கொடுத்து அனுப்பவில்லை.

அப்பா ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். அங்கே சிமெண்ட் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது.

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"நீங்க எங்க கேட்டீங்க?"

அப்பா கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "ஒக்காரு" என்றார். அம்மா கட்டிலில் உட்கார்ந்தார். அப்பா அந்தப் புளிப்புக் குலையை ஒவ்வொன்றாகத் தின்றார். இரண்டு மூன்றை அம்மாவுக்கும் கொடுத்தார். அம்மாவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றார். நான் எழுந்து குசினிக்குப் போய்விட்டேன். எனக்கு அங்கே வேலை இல்லாமல் போனது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு அப்பா பேசிய நாட்கள் குறைவு. பேசியதெல்லாம் அம்மாவோடுதான். பெரிதாக ஒன்றும் இல்லை. தலையணையைத் தூக்கு, இன்றைக்கு என்ன குழம்பு, பலாங்கொடையில் உன் தங்கச்சி மகளுக்கு எப்போது கல்யாணம். கொடியைப் பற்றி ஒருமுறை சொன்னார்: "மிச்சத்துல கைய வைக்காத. நான் சொல்றப்ப வெட்டு." வைகாசி தொடக்கத்தில், விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, அம்மா முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. கஷ்டப்படவில்லை. எல்லோரும் கேட்ட கேள்வி என்பதால் எழுதுகிறேன்.

அடக்கம் முடிந்த வாரத்தில் குலைகள் பழுத்தன. கருநீலமாக, தோலில் சாம்பல் பூத்த மாதிரி. மழை என்னவோ அந்த வருடம் பிந்தியது. வந்தவர்கள் பறித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள். "அவரு இன்னும் சொல்லலியே" என்றார் அம்மா. வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேனோ என்னவோ. அம்மா அதை, கடையில் பாண் முடிந்துவிட்டது என்று சொல்வது மாதிரி, சாதாரணமாகத்தான் சொன்னார். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கொண்டைக்குருவிகள் பொலித்தீனுக்குக் கீழே தலையை நுழைத்துக் கொத்தின. வௌவாலும் வந்தது. கொஞ்ச நாளில் காம்புகள் மட்டும் தொங்கின. அம்மா வாசலைக் கூட்டும்போது விழுந்து கிடந்த தோலையும் கொட்டையையும் சேர்த்துக் கூட்டினார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அப்பாவை இரண்டு முறையும் பொறுமையாகப் பார்த்த டாக்டர்மாருக்கும், வார்டில் அவருடைய பிடிவாதத்தைச் சிரித்துக்கொண்டே தாங்கிய தாதிமாருக்கும் நன்றி. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வந்து, காசைப் பற்றி வாய் திறக்காத திரீவீல்காரருக்கு நன்றி. கொடி கொடுத்த நானாவுக்கு நன்றி. நோன்பு மாதத்தில் கூட அவர் அப்பாவைப் பார்க்க வந்தார். சாவு வீட்டுக்குத் தன் வீட்டுக் கதிரை, சட்டி, பானை எல்லாவற்றையும் வேலிக்கு மேலால் தூக்கிக் கொடுத்த குசும் அக்காவுக்கு நன்றி. பந்தல் போட்ட, குழி வெட்டிய, பறை அடித்த, தோள் கொடுத்த தோட்டத்து ஆண்களுக்கும், சமையல்கட்டைக் கையில் எடுத்துக்கொண்ட பெண்களுக்கும், லீவு போட்டு வந்த தம்பியின் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. யார் பெயராவது விடுபட்டிருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். கடைசியாக, இதைப் படித்தால் அம்மா என்னை ஏசுவார், இருந்தாலும் எழுதுகிறேன். அம்மா, நீங்கள் போட்ட கையெழுத்தால் எங்களுக்கு அப்பா மார்கழியிலிருந்து வைகாசி வரை கிடைத்தார். அதற்கு நன்றி.

சொந்தபந்தங்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். அம்மா இன்று உங்கள் எல்லோருக்கும் கையால் பரிமாறுவார். அவரிடம் என்ன வேண்டுமானாலும் பேசுங்கள். கால் வெட்டியதைப் பற்றி மட்டும் யாரும் கேட்க வேண்டாம். அப்பாவே கேட்டுவிட்டார். பதிலையும் வாங்கிக்கொண்டுதான் போனார்.